பீரோவில் தூங்கும் புரோநோட்டு

போன மாதம் ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த, கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்த புரோநோட்டை எடுத்து மேஜையில் விரித்தார். இரண்டு லட்சம் ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், எல்லாம் சரியாக இருந்தது. தேதியைப் பார்த்ததும்தான் எனக்குத் திக்கென்றது. எழுதி மூன்று வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது.

"ஏன் ஐயா இவ்வளவு நாள் விட்டுட்டீங்க?"

"மச்சினன் சார். அவன் பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

'விழித்திருப்பவருக்கே சட்டம்' என்று வக்கீல்கள் கோர்ட்டில் லத்தீனில் சொல்வோம். அதன் வேர் ரோமில் இருக்கிறது, அதுவும் ஒரு கடன் விவகாரத்தில். கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஸ்கேவோலா அதை அலசியிருக்கிறார். பல பேரிடம் கடன் வாங்கியவர் இறந்துவிட்டார். கடன் கொடுத்தவர்களில் ஒருவர் மட்டும் வாரிசிடம் தன் பணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு வாரிசு சொத்தே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். பணம் வாங்கிக்கொண்டவர் அதை மற்றக் கடன்காரர்களுக்காகத் திருப்பித் தர வேண்டுமா? வாரிசு தயவு காட்டிக் கொடுத்ததென்றால் சரி, தரலாம். விடாமல் கேட்டு வாங்கியவர் ஏன் தர வேண்டும்? 'நான் விழித்திருந்தேன், என் நிலையைச் சரிசெய்துகொண்டேன். சட்டம் விழித்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டது' என்று அவர் சார்பில் ஸ்கேவோலா பேசுகிறார். 533இல் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் இந்த வாசகம் இருக்கிறது.

நம் ஊரில் அதே எண்ணம் 1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டமாக இருக்கிறது. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். அதற்குப் பிறகு வழக்குப் போட்டால், எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்தாக வேண்டும். 'அடுத்த மாசம் தர்றேன்' என்று கடன் வாங்கியவர் வாயால் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இந்தக் கெடு நீளாது. சொல் பறந்துவிடும், எழுத்து நிற்கும் என்பதும் லத்தீன் பழமொழிதான். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். ஆயிரம் ரூபாய் கொடுத்தால்கூட, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, கொடுத்தவரிடமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பெரியவருக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. காலாவதியான கடனையும் தருகிறேன் என்று மச்சினனே எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவின்படி அது செல்லும். ஆனால் அது முழுக்க அவர் மனசைப் பொறுத்தது. கேட்டுப் பார்க்கிறேன் என்று நோட்டை மடித்துக் கவருக்குள் வைத்தார். கை நடுங்கியது.

உறவு கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் கையெழுத்துக் கேட்பது வழக்குப் போடுவது ஆகாது. இன்றைக்கே பீரோவைத் திறந்து தேதியைப் பாருங்கள். மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கடன் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.