ஒரே குழந்தைக்கு இரண்டு நட்சத்திரமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பேரனுக்குப் பெயர் வைக்க நட்சத்திரம் பார்த்திருக்கிறார்கள். வீட்டிலிருந்த வாக்கியப் பஞ்சாங்கம் அஸ்தம் என்றதாம், மருமகளின் கைப்பேசிச் செயலி சித்திரை என்றதாம். சம்பந்தி வீட்டோடு லேசான மனத்தாங்கல் வேறு. “வானத்தில் இருப்பது ஒரே நிலாதானே சார், இரண்டு பேருக்கு இரண்டு இடத்தில் எப்படித் தெரிகிறது?” என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. 2025 மார்ச்சில் இதே குழப்பம் ஊரெல்லாம் பேசப்பட்டது. திருக்கணிதப்படி (கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகும் கணக்கு அது, மருமகளின் செயலி சொல்வதும் அதுவே) மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று தொலைக்காட்சிகள் ராசிபலன் வாசித்துக்கொண்டிருக்க, நாங்கள் பின்பற்றுவது வாக்கியம், எங்களுக்குப் பெயர்ச்சி 2026 மார்ச் 6 அன்றுதான் என்று திருநள்ளாறு கோயில் தரப்பில் அறிவித்தார்கள். ஒரே சனிக்கு ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி!

ஜாதகப் பலன்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஜாதகக் கட்டத்தில் எனக்குத் தீராத ஆசை உண்டு. பலனைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் ஒரு குறிப்பிட்ட ஊரிலிருந்து பார்த்த வானத்தின் நிலப்படம்தான் அது. படிக்கத் தெரிந்தால் அதில் சரிதப்பு பார்க்கலாம்.

சூரியன் ஓராண்டில் வானில் சுற்றிவருவதாக நமக்குத் தெரியும் பாதை 360 பாகை. அதைப் பன்னிரண்டாக வெட்டினால் ராசி, ஒவ்வொன்றும் 30 பாகை. இருபத்தேழாக வெட்டினால் நட்சத்திரம், ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. நட்சத்திரத்தை நான்காக வெட்டினால் பாதம், ஆக மொத்தம் 108 பாதங்கள். ஒரு ராசிக்கு ஒன்பது பாதம், அதாவது இரண்டேகால் நட்சத்திரம். நட்சத்திரப் பிரிவு வேதகாலத்தது. பன்னிரண்டு ராசிகள் பாபிலோனில் பிறந்து, கிரேக்கர் வழியாகப் பிறகு வந்து சேர்ந்தவை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியவர்கள் நம்மவர்கள்.

நம் பக்கத்துக் கட்டத்தில் ராசிகள் இடம் மாறுவதில்லை. மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது பெட்டி எப்போதும் மேஷம், அங்கிருந்து வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். சூரியன் இருக்கும் பெட்டிக்கு ஜோதிடரே வேண்டாம், தமிழ் மாதம் தெரிந்தால் போதும். சித்திரையில் பிறந்தவருக்கு மேஷத்தில், ஆடியில் பிறந்தவருக்குக் கடகத்தில். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது, சுக்கிரன் 47 பாகையைத் தாண்டாது. ஆகவே புதன் சூரியனுக்கு இரண்டு பெட்டி தள்ளியோ சுக்கிரன் மூன்று பெட்டி தள்ளியோ இருந்தால், கட்டம் போட்டவர் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார். ராகுவும் கேதுவும் எப்போதும் நேரெதிர்ப் பெட்டிகளில்தான் இருக்கும். அவை கோள்களே இல்லை. சூரியனின் பாதையை நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்வில் வெட்டுகிற இரண்டு புள்ளிகள் அவை. அந்தப் புள்ளிகளுக்கு அருகில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் கிரகணம். புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று முடிக்க 18.6 ஆண்டுகள் ஆகின்றன. பாம்பு விழுங்கும் கதைக்குள் இவ்வளவு துல்லியமான வடிவியல் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

லக்னம் என்பது பிறந்த நொடியில் கீழ்த்திசை அடிவானத்தில் எழும் ராசி. பூமி சுற்றுவதால் 24 மணி நேரத்தில் பன்னிரண்டு ராசிகளும் எழுந்துவிடுகின்றன, தோராயமாக ராசிக்கு இரண்டு மணி நேரம். பாதை சாய்ந்திருப்பதால் எல்லாம் சமமாக எழுவதில்லை. நம் பஞ்சாங்கக் கணக்கில் மீனமும் மேஷமும் நாலேகால் நாழிகையில் எழுந்துவிடும், கடகமும் தனுசும் ஐந்தரை நாழிகை எடுக்கும். நாழிகை 24 நிமிடம் என்பதால் ஒன்று 1 மணி 42 நிமிடம், மற்றது 2 மணி 12 நிமிடம். விடியற்காலை சூரியன் உதிக்கும்போது பிறந்தவருக்கு லக்னமும் சூரியனும் ஒரே பெட்டியில் இருக்கும்.

இனி நிலாவுக்கு வருவோம். வாசகர் வீட்டு மனத்தாங்கலுக்குக் காரணம் அதுதான், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

நிலா சராசரியாக நாளொன்றுக்கு 13 பாகை 10 கலை நகர்கிறது. ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம், அதனால்தான் இருபத்தேழு. ஆனால் இது சராசரி மட்டுமே. நிலா பூமியைச் சுற்றும் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகே வரும்போது வேகம், தொலைவில் போகும்போது மந்தம். ஒரு நாளில் 12 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் நகரும், 15 பாகைக்குச் சற்று அதிகமாகவும் நகரும். ஆகவே ஒரு நட்சத்திரம் சில நாட்களில் 21 மணி நேரத்தில் முடியும், சில நாட்களில் 27 மணி நேரம் வரை இழுக்கும்.

கணிப்பொறி இல்லை, மடக்கை அட்டவணை இல்லை. இந்த ஏறியிறங்கும் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது? தென்னிந்தியக் கணியர்கள் கண்ட வழி அபாரமானது. கணக்கிடுவதையே விட்டுவிட்டார்கள். மனப்பாடம் செய்தார்கள்.

நிலா மிகத் தொலைவான இடத்திலிருந்து கிளம்பி மறுபடி மிகத் தொலைவான இடத்துக்கு வர 27.5546 நாட்கள் ஆகும். இது முழு எண் இல்லாததால் நாள்தோறும் சூரிய உதயத்துக்கான இடத்தை அட்டவணை போட முடியாது. ஆனால் ஒன்பது சுற்றுகளைச் சேர்த்தால் 247.99 நாட்கள், கிட்டத்தட்ட 248. மிச்சம் 13 நிமிடம்தான். அதாவது 248 நாட்களுக்கு நிலாவின் இடத்தை ஒருமுறை கணக்கிட்டு வைத்துவிட்டால், 249-ஆம் நாள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம், வேகம் அதே தாளத்தில் ஏறி இறங்கும். இந்த 248 எண்களையும் சமஸ்கிருதச் சொற்றொடர்களாக்கினார்கள். அவைதான் சந்திர வாக்கியங்கள், வரருசி செய்ததாக மரபு சொல்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயர்க் காரணமும் இதுவே.

முதல் வாக்கியம் ‘கீர் ந ச்ரேய’. கடபயாதி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, கூட்டெழுத்தில் கடைசி மெய்தான் கணக்கு. கீ 3, ந 0, ச்ரே 2, ய 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை. இரண்டாவது ‘தேநவ ச்ரீ’, பசுக்களே செல்வம். எண்ணாக்கினால் 24 பாகை 9 கலை. மூன்றாவது வாக்கியம் தருவது 36 பாகை 22 கலை. இப்போது கழித்துப் பாருங்கள். முதல் நாள் 12 பாகை 3 கலை, இரண்டாம் நாள் 12 பாகை 6 கலை, மூன்றாம் நாள் 12 பாகை 13 கலை. தொலைவில் மந்தமாகக் கிளம்பிய நிலா மெல்ல வேகமெடுப்பது பசுவும் செல்வமுமாகச் சொல்லப்படும் சொற்களுக்குள் கேட்கிறது. 248-ஆம் வாக்கியம் 27 பாகை 44 கலையில் முடிகிறது. அடுத்த சுற்றுக்கு இதைக் கூட்டிக்கொண்டு மேலே போக வேண்டியதுதான்.

நூற்றாண்டுகளைக் கடக்க வேண்டுமே? அதற்கு இன்னும் பெரிய சுற்றுகள்: 3,031 நாட்களில் 110 சுற்று, 12,372 நாட்களில் 449 சுற்று. 3,031-இன் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு! கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்களில் 16,00,984-ஐக் கழி (அது பொது ஆண்டு 1282-இல் விழுகிறது), மீதியை 12,372-ஆல் வகு, அதன் மீதியை 3,031-ஆல், அதன் மீதியை 248-ஆல். கடைசியில் நிற்கும் மீதி எத்தனையாவது வாக்கியம் என்று சொல்லும். அந்த வாக்கியத்தோடு, ஈவுகளுக்கு உரிய பாகைகளையும் தொடக்க இருப்பையும் கூட்டினால் அன்றைய உதயத்தில் நிலா இருக்கும் இடம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்ற ஆங்கில நூலில், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி இப்படித்தான் சந்திர கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கணியருக்கு வானியல் கோட்பாடு ஒன்றும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அசாத்தியம் என்று வியக்கிறார் வாரன். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபவர் 1952-இல் இதை எடுத்து ஆராய்ந்து, தமிழ் வானியல் என்றே கட்டுரை எழுதினார். காகிதம்கூட இல்லாமல் சோழியில் கிடைத்த விடை அது என்பதை மறக்க வேண்டாம்.

சரி, பிசகு எங்கே? பூமி மட்டும் நிலாவை இழுத்தால் நீள்வட்டத்தோடு கதை முடிந்திருக்கும். சூரியனும் இழுக்கிறதே. நீள்வட்டத்தால் மட்டும் நிலா சராசரி இடத்திலிருந்து 6.3 பாகை வரை முன்பின் போகும். சூரியனின் இழுப்பால் இன்னொரு 1.3 பாகை ஆட்டம் சேர்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இது முதல் ஆட்டத்தைக் குறைக்கிறது, நிகர விலகல் 5 பாகை. அஷ்டமி வாக்கில், அதாவது பாதி நிலாவில், இதுவே முதல் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது, விலகல் 7.6 பாகை வரை போகும்.

வாக்கியங்களில் இருப்பது 5 பாகை ஆட்டம் மட்டும். ஏன் என்று யோசித்தால் அழகாகப் புரியும். பழங்கணியர்கள் தங்கள் கணக்கை எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? கிரகணத்தை வைத்து. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் வரும். அங்கே 5 பாகைதான் சரியான விடை! அஷ்டமி நிலாவைச் சோதிக்க ஒரு கிரகணம் கிடைக்காததால் அந்த இரண்டரைப் பாகைப் பிழை ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒளிந்துகொண்டிருந்தது. யாருமே கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பத்தாம் நூற்றாண்டில் முஞ்ஜாலர் இதற்கொரு திருத்தம் தந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒடிசாவின் சாமந்த சந்திரசேகரர் மூங்கில் கருவிகளை வைத்து வெறுங்கண்ணால் பார்த்தே இதையும் இன்னும் இரண்டு சிறிய ஆட்டங்களையும் கண்டுபிடித்தார். நம் ஊரில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தவர், கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார்.

இரண்டரைப் பாகையை நிலா கடக்க நாலரை மணி நேரம் ஆகும். அதற்குள் நட்சத்திரம் மாறினால் கும்பகோணத்துக் கதைதான். செயலிப்படி நிலா சித்திரைக்குள் ஒரு பாகை நுழைந்துவிட்டது, வாக்கியப்படி அஸ்தம் முடிய இன்னும் ஒரு பாகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே கன்னி ராசிதான், அதில் சண்டை இல்லை. தசையில்தான், அதாவது ஆயுளைக் கோள்களுக்கு ஆண்டுக்கணக்கில் பங்கிடும் கணக்கில்தான், சண்டை வரும். அஸ்தத்துக்குச் சந்திர தசை 10 ஆண்டு, சித்திரைக்குச் செவ்வாய் தசை 7 ஆண்டு, நட்சத்திரத்தில் எவ்வளவு மீதியோ அவ்வளவு தசை இருப்பு. வாக்கியப்படி செவ்வாய் தசை பிறந்து ஒன்பது மாதம் கழித்துத் தொடங்கும். திருக்கணிதப்படி பிறப்பதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்புறம் வரும் ராகு, குரு, சனி எல்லாத் தசைகளும் ஆயுள் முழுக்க ஒன்றேகால் வருடம் முன்பின் நகரும். நிலா எங்கே இருந்தது என்ற கேள்விக்கு என் விடை திருக்கணிதம். தொலைநோக்கியும் அதையே சொல்லும். பெயர் எதை வைத்து வைப்பது என்பது சம்பந்திகள் பேசித் தீர்க்க வேண்டியது.

ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வாக்கியத்தில் கணித்தவர்களும் திருக்கணிதத்தில் கணித்தவர்களும் தத்தம் பலன் பலித்ததாகவே சொல்கிறார்கள். தசைக் கணக்கு ஒரு வருடத்துக்கு மேல் இடித்தும் இரண்டும் பலிக்கிறது என்றால், பலனுக்கும் நிலாவுக்கும் என்ன தொடர்பு? ஜயந்த் நார்லிகர் குழுவினர் புனேயில் இதை நேராகவே சோதித்தார்கள். படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என்று இரு தரப்பு ஜாதகங்களைக் கலந்து கொடுத்து, எது எது என்று பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 ஜோதிடர்கள் சரியாகச் சொன்னது 46 சதவீதம். காசைச் சுண்டியிருந்தால் 50 கிடைத்திருக்கும்.

2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தைப் பட்டப்படிப்பாக்கக் கிளம்பியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, படிப்பு நிலைத்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை வாக்கியக் கணிதத்துக்குத் தந்திருக்கலாம் என்பது என் வயிற்றெரிச்சல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நம் பக்கத்தில் உருவான ‘வாக்கியகரணம்’ அச்சேறவே 1962 ஆயிற்று, குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்தார்கள். சோழி வைத்துக் கணிக்கும் முறையைப் பத்தாம் வகுப்பில் வகுத்தல் மீதிப் பாடத்தோடு ஒரு மணி நேரத்தில் நடத்திவிடலாம்.

வாசகருக்கு ஒரு வேலை. இரண்டு பஞ்சாங்கங்களையும் பக்கத்தில் வைத்து, நட்சத்திரம் முடியும் நேரங்களை மாதம் முழுக்கக் குறித்து வாருங்கள். வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிப் பொதுவாகக் குறுகும், அஷ்டமி பக்கம் விரியும். எல்லா மாதமும் ஒரே அளவில் விரியாது, நிலாவின் தொலைவைப் பொறுத்து மாறும். ஆகவே ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாமல் நான்கைந்து மாதம் பாருங்கள்.