குழந்தைக்கு உடம்பு சரியில்லை: முதலில் யாரிடம் செல்வது?

குழந்தையை எங்கே அழைத்துச் செல்வது என்பதை நோயின் பெயரை வைத்து முடிவு செய்ய இயலாது. குழந்தையின் வயதையும் அப்போதைய நிலையையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தாலும் ஓடியாடி விளையாடும் மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் வீட்டுக் கவனிப்பே போதும். ஆனால், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த வயதில் வரும் காய்ச்சலைக் குழந்தை மருத்துவர்களாகிய நாங்கள் ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

மருந்தாளுநரிடம் பெற்றோர் போதிய அளவு கேள்வி கேட்பதில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம். பாரசிட்டமால் சொட்டு மருந்து பலவற்றில் 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து இருக்கும், சிரப்பிலோ 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. மட்டுமே இருப்பதுண்டு. சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி. அளவைச் சொட்டு மருந்தில் எடுத்துக் கொடுத்துவிட்டால், குழந்தையின் உடலுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்கு மருந்து சென்றுவிடும். ஆகவே குழந்தையின் எடையைச் சொல்லி, கையிலுள்ள புட்டியைக் காட்டி, எத்தனை மி.லி. என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக்கை மட்டும் மருத்துவர் எழுதித் தராமல் வாங்க வேண்டாம். வைரஸால் வரும் சளியை அது குணப்படுத்தாது.

வயிற்றுப்போக்கு தொடங்கியதும் அருகிலுள்ள சுகாதார நிலையத்துச் செவிலியரை நாடலாம். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலக்கும் முறையை அவர் செய்தே காட்டுவார். துத்தநாக மருந்தை எத்தனை நாள் கொடுப்பது என்பதையும் சொல்வார். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் கரைசலைக் கொடுங்கள்.

மூச்சு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை எதையும் குடிக்க இயலாமல் துவண்டு கிடந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்லுங்கள். கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள்.