ஓவர்கிளாக்கிங்: மணியா, கடிகாரமா, துடிப்பா?

தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஒரு செயலியை ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். கணினி கட்டுபவர்கள் பேச்சில் இது ‘ஓசி’ என்று சுருங்கிவிட்டது. “சிப்பை ஓசி பண்ணியிருக்கேன்” என்றால் காசு கொடுக்காமல் வேகம் கிடைத்ததாகவே தமிழ்க் காதுக்குக் கேட்கும். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கான விலையை வெப்பமாகவும் மின்சாரமாகவும் சிப்பின் ஆயுளாகவும் கட்ட வேண்டியிருக்கும்.

சொல்லைப் பிரித்தால் ‘ஓவர்’ பகுதி எளிது. ‘கிளாக்’தான் சுவையானது. இடைக்கால இலத்தீனில் ‘குளொக்கா’ என்றால் மணி. ஜெர்மனின் ‘குளோக்க’, பிரெஞ்சின் ‘குளோஷ்’ இரண்டும் இன்றும் மணியைத்தான் குறிக்கின்றன. ஐரோப்பாவின் பழைய கோபுரக் கடிகாரங்கள் பலவற்றில் முள்ளோ முகப்போ கிடையாது. பொழுதுக்குப் பொழுது மணியடிப்பதே அவற்றின் வேலை. தமிழிலும் ‘மணி’ இதே வழியில்தான் நடந்திருக்கிறது. அடிப்பதும் மணி, “மணி என்ன?” என்று கேட்பதும் மணி. ‘கடிகாரம்’ வந்த வழி வேறு. அடியில் துளையிட்ட சிறு கலத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஓர் அளவாகக் கொண்டார்கள். அந்தக் கலத்தின் வடமொழிப் பெயரிலிருந்து வந்த ‘கடிகை’ 24 நிமிடம். நம் நாழிகையும் அதே அளவுதான்.

செயலிக்குள் இருக்கும் கிளாக் இந்த இரண்டு வேலையையும் செய்வதில்லை. கணினியில் பொழுது காட்டுவதற்கென்று ஒரு கடிகாரம் தனியே உண்டு. தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் பேட்டரியும், நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு குவார்ட்ஸ் படிகமும் சேர்ந்ததுதான் அது. ஓவர்கிளாக்கிங்கில் அதை யாரும் தொடுவதில்லை. தொட்டால் கணினி வேகமாக ஓடாது, திரையின் மூலையில் நேரம்தான் தப்பாகத் தெரியும்.

செயலியின் கிளாக் தாளம் போடுகிறது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே அடிக்குக் கணக்கு முடித்து, அடுத்த அடிக்கு அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டும். இன்றைய மேசைக்கணினிகளில் அடிப்படைத் தாளம் 100 மெகாஹெர்ட்ஸ். அதைச் செயலிக்குள் ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அந்த எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர். 100ஐ 36ஆல் பெருக்கினால் 3.6 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 42 ஆக்கினால் 4.2. ஓவர்கிளாக்கிங் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஓர் எண்தான் இருக்கிறது.

தமிழ்ச் சொல் தேடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘மிகைக்கடிகாரம்’, ‘மேற்கடிகாரமிடல்’ போன்ற சொற்கள் ஆங்கிலச் சொல்லின் இரண்டு துண்டுகளையும் பெயர்த்து ஒட்டியவை. செயலுக்கு வெளியே நிற்கின்றன. வினையாக்கிப் பார்த்தாலே குறை தெரிந்துவிடும். “செயலியை மிகைக்கடிகாரமிட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? ‘மிகை’க்கும் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் மிகை என்றாலே வேண்டாத கூடுதல். ஆங்கில ‘ஓவர்’ இங்கே குறித்த அளவைத் தாண்டியது என்பதை மட்டும் சொல்கிறது. தாண்டியது தப்பு என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

கிளாக் சிக்னலுக்குத் ‘துடிப்பு’ என்ற சொல் மின்னணுவியல் பாடங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. அதோடு ‘ஏற்று’ சேர்ந்தால் துடிப்பேற்றம். துடிப்பேற்றினேன், துடிப்பேற்றிய செயலி, துடிப்பேற்ற முடியாத சிப் என்று எல்லா உருவத்துக்கும் வளைகிறது. எதிர்ப்பதமும் உடனே கிடைக்கிறது: துடிப்பிறக்கம். நாடித் துடிப்பு ஏறினால் உடம்பு சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, ஆகவே பின்னால் வரும் வெப்பத்தையும் இந்தச் சொல்லே கோடிகாட்டிவிடுகிறது. பேச்சில் ஓவர்கிளாக் என்றே சொல்லிக்கொள்ளலாம். எழுத்தில் தமிழ் வேண்டுமென்றால் என் வாக்கு துடிப்பேற்றத்துக்கு.

சொல்லைவிடப் பழக்கம் பழையது. 1984இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பலகையிலிருந்த படிகத்தைக் கழற்றி வேறொன்றைச் செருகிப் பலர் அதை 8க்கு ஏற்றினார்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளுக்குப் பயாஸ் என்று பெயர். பிறகு வந்த பயாஸில் ஐபிஎம் வேகச் சோதனை வைத்து அதைத் தடுத்தது. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ தான் இந்தக் கலையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அதில் பெருக்கி 4.5, பாட்டை வேகம் (பெருக்கப்படும் அடிப்படைத் தாளம்) 66. பாட்டையை 100 ஆக்கியதும் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. விலை உயர்ந்த பென்டியம் 2 செய்த வேலையை மலிவான சிப் செய்தது. இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. சிப்பின் மேலிருந்த எழுத்தை அழித்து, கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்ற வியாபாரிகள் 1990களில் இருந்தார்கள். இன்டெல் பெருக்கியைப் பூட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று இன்டெல் சிப்பின் பெயர் ‘கே’யில் முடிந்தால் பூட்டு இல்லை என்று பொருள். ஆனாலும் பெருக்கியை மாற்ற ‘இசட்’ வரிசைத் தாய்ப்பலகை வேண்டும். ஏஎம்டியின் ரைசன் சிப்புகள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. ஆனால் ஏ320 போன்ற அடித்தட்டுப் பலகைகள் துடிப்பேற்ற விடமாட்டா.

வெறும் எண்ணைக் கூட்டினால் போதாமல் மின்னழுத்தமும் ஏன் தேவைப்படுகிறது? 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே கால் நானோநொடிதான். அதற்குள் சிப்பின் மிக நீளமான கணக்குப் பாதை முடிந்தாக வேண்டும். துடிப்பு நெருங்க நெருங்க, கணக்கு முடிவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாக மாறும், பாதை மீண்டும் நேரத்துக்குள் முடியும். இதற்கான விலை வெப்பம். செயலி தின்னும் மின்திறன் துடிப்போடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டிலிருந்து 4.3, 1.325க்குப் போனால் வேகம் ஏறுவது ஏழரை விழுக்காடு. மின்திறன் ஏறுவது ஏறத்தாழ 21 விழுக்காடு. ஓசியின் ரசீது இதுதான்.

இனி கைவேலை. 2019இல் வந்த ரைசன் 5 3600ஐ எடுத்துக்கொள்வோம். அடிப்படை வேகம் 3.6, உச்சம் 4.2 கிகாஹெர்ட்ஸ். வெப்ப எல்லை 95 டிகிரி. பெட்டியோடு வரும் சிறிய விசிறி 65 வாட் கணக்குக்கானது. துடிப்பேற்றத்துக்கு அதை நம்ப வேண்டாம். நான்கு வெப்பக் குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கோபுரக் கூலர் ஒன்று போதும், இந்தச் சிப்புக்குத் திரவக் குளிர்விப்பு ஆடம்பரம். பழைய விசிறியைக் கழற்றும்போது ஒரு கவனம். இது பொருந்தும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்4. ஏஎம்4 சிப்பின் அடியில் 1331 ஊசிகள். காய்ந்த வெப்பப் பசை பிடித்துக்கொண்டால், கூலரோடு சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தூக்க வேண்டும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதுப் பசை வையுங்கள்.

அறை வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூலரின் திறன் என்பது அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிறுத்துகிறது என்பதே. 21 டிகிரி அறையில் சோதித்து 78 காட்டிய அமைப்பு, மே மாதத்து 36 டிகிரி அறையில் 93ஐத் தொடும். டிசம்பரில் சோதித்து முடித்த துடிப்பேற்றம் சித்திரையில் குப்புற விழுவது இதனால்தான்.

பயாஸைப் புதுப்பித்துவிட்டு, ரேமை அதன் இயல்பு வேகத்திலேயே விடுங்கள். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இப்போது இயக்கினால், பிழை வரும்போது ரேமா செயலியா என்று தெரியாது. பெருக்கியை 40.00, மின்னழுத்தத்தை நிலையான 1.250 என்று வையுங்கள். சுமை ஏறும்போது மின்னழுத்தம் கொஞ்சம் தளரும். அதைத் தூக்கிப் பிடிக்கும் லோட்லைன் அமைப்பை நடுநிலையில் வைத்தால் போதும். உச்சத்தில் வைத்தால் சுமை சட்டென இறங்கும் கணத்தில் மின்னழுத்தம் குறித்ததைத் தாண்டித் துள்ளும். விண்டோஸ் ஏறியதும் செயலிக்கு முழுச் சுமை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி, சிப்பின் அளவீடுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தைப் பாருங்கள். தாங்கினால் பெருக்கியைக் கால் கால் புள்ளியாக ஏற்றலாம்; ஒவ்வொரு காலும் 25 மெகாஹெர்ட்ஸ். விழுந்தால் 0.0125 வோல்ட் கூட்டி மறுபடி. 1.325 வோல்ட், 85 டிகிரி, இரண்டில் எது முதலில் வந்தாலும் அங்கே நின்றுவிட வேண்டும். கடைசியில், செயலியைக் கடுமையாக வருத்தும் பிரைம்95 மென்பொருளின் ‘சிறு எஃப்எஃப்டி’ சோதனை ஒரு மணி நேரம். சிப்புக்குச் சிப்பு விளைச்சல் வேறுபடும். ஒன்று 4.3இல் நிற்கும், இன்னொன்று 4.15க்கே மூச்சுவாங்கும். அடுத்தவர் எண்ணை அப்படியே நகலெடுப்பதில் பயனில்லை.

விழுவதிலும் வகைகள் உண்டு. கணினி தானாக மறுபடி தொடங்கினாலோ, நீலத் திரையில் ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ வந்தாலோ பெரும்பாலும் மின்னழுத்தக் குறை. செயலிக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகளைக் கோர் என்பார்கள். பிரைம்95இல் ஒரே ஒரு கோர் மட்டும் பிழை சொல்லி நின்றால் அந்தக் கோர்தான் பலவீனம். திரையே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, பொத்தான் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். வஞ்சகமான வகை இன்னொன்று: எதுவும் விழாது, திரையில் 4.3 என்றே காட்டும், ஆனால் சினிபெஞ்ச் மதிப்பெண் குறைந்திருக்கும். மின்னழுத்தம் போதாமல் ரைசன் தன் துடிப்பைத் தானே நீட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் வருவது இது. எச்டபிள்யூஇன்ஃபோவில் ‘எஃபெக்டிவ் கிளாக்’ வரிசையைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

பலரும் செய்யும் பெரிய தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். தானியங்கி நிலையில் இந்தச் சிப் சில நேரம் 1.45 வோல்ட் காட்டும். “கம்பெனியே 1.45 கொடுக்கிறதே, நான் 1.4 வைத்தால் என்ன?” என்று நினைப்பார்கள். சிப் அந்த அளவைக் கேட்பது ஒன்றிரண்டு கோர்கள் இலேசான வேலை செய்யும்போது; மின்னோட்டம் அப்போது குறைவு. எல்லாக் கோர்களும் முழுச் சுமையில் இருக்கும்போது அது தானாகவே இறக்கிக்கொள்ளும். நிலையான 1.4 வைத்தால் அந்த இறக்கம் நடக்காது. மிகுந்த மின்னோட்டமும் வெப்பமும் சேர்ந்து, சிப்பினுள் இருக்கும் உலோகக் கம்பிகளின் அணுக்களை மெல்ல மெல்ல நகர்த்திவிடும். நேற்றுவரை 4.2இல் நின்றது ஆறு மாதத்தில் 4.1க்கே தள்ளாடும். உத்தரவாதமும் கைகொடுக்காது, துடிப்பேற்றத்தால் வந்த சேதத்தை ஏஎம்டி ஏற்பதில்லை.

தயாரிப்பாளர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2023இல் ரைசன் 7000 வரிசைச் சிப்புகள் சில சாக்கெட்டிலேயே கருகின. சிப்பினுள் நினைவகக் கட்டுப்பாடு போன்றவற்றைக் கவனிக்கும் எஸ்ஓசி பகுதிக்குப் பலகைகள் மிகுதியாக மின்னழுத்தம் கொடுத்ததைக் கண்டு, ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் அடைத்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சிப்புகளில் சில, யாரும் துடிப்பேற்றாமலேயே நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு (சிப்பின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் சிப் கேட்கவிடாமல் கட்டியது, இன்டெல் உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. இங்கே ‘மிகை’ என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும்: மிகை மின்னழுத்தம்.

சாதனைக்காக ஏற்றுபவர்கள் உலகம் தனி. 2022 டிசம்பரில் இன்டெல் ஐ9-13900கே ஒன்று திரவ ஹீலியக் குளிரில் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அது சில கணங்களுக்கான வித்தை. அந்தக் கணினியில் யாரும் கடிதம் அடிப்பதில்லை.

வீட்டுக் கணினியில் இந்தச் சொல்லின் பொருளே இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. 2008இல் இன்டெல் கோர் ஐ7இல் டர்போ பூஸ்ட் வந்ததிலிருந்து, வெப்பமும் மின்திறனும் இடம் கொடுக்கும்வரை சிப்பே துடிப்பை ஏற்றிக்கொள்கிறது. நாம் கையால் எட்டிப் பிடிக்க மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ரைசன் 5000 முதல் உள்ள ‘கர்வ் ஆப்டிமைசர்’ அமைப்பில் எதிர்மறை எண் கொடுத்தால் அதே துடிப்புக்குச் சிப் குறைந்த மின்னழுத்தம் கேட்கும். சூடு குறையும், குறைந்த சூட்டில் அது தானாகவே இன்னும் மேலே ஏறும். எல்லாக் கோர்களுக்கும் −10இல் தொடங்கி ஐந்து ஐந்தாக இறங்கிச் சோதிக்கலாம். முழுச் சுமையில் நின்றுவிட்டு, ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது கணினி மறுபடி தொடங்கினால் எண் அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம், ஐந்து பின்வாங்குங்கள். மின்னழுத்தத்தை இறக்கித் துடிப்பை ஏற்றும் இந்த முறையையும் கடைக்காரர் ‘ஓசி’ என்றுதான் சொல்வார். ஓசிக்கு இருப்பதில் மிக நெருக்கமானதும் இதுதான்.