ஊருக்கு வந்தபின் வரும் ஊர் நினைப்பு

தென்காசிப் பக்கத்தில், வெளியூரில் வேலை பார்ப்பவர் விடுமுறைக்கு வந்தால், பேருந்தைவிட்டு இறங்கியதிலிருந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்கு நடக்க வேண்டும். "எப்ப வந்தீய?", "எப்பப் போறீய?" இரண்டும் அன்பில் கேட்பவைதான், ஆனால் இரண்டாவதற்கு ஒரு தேதி சொல்ல வேண்டும். ஊரோடு வந்துவிட்ட ஒருவரிடமும் பழக்கத்தில் இதையே கேட்டுவிடுகிறார்கள். சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கிணறும் மாமரமுமாகச் சொந்த ஊரில் வீடு கட்டிக் குடிவந்த ஒருவர், "போகல, இனி இங்கதான்" என்று பதில் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று என்னிடம் சொன்னார். அவர் மனநல மருத்துவரான என்னைத் தேடி வந்தது அதற்காக அன்று. தூக்கம் பிடிக்கவில்லை, வயிறு எந்நேரமும் உப்புசமாக இருக்கிறது, வயிற்றுக்குள் குழாய் விட்டுக்கூடப் பார்த்துவிட்டார்கள், ஒன்றுமில்லை என்கிறார்கள் என்ற குறையோடு வந்தவர் அவர். அந்தக் கேள்வியைப் பற்றிய பேச்சு மூன்றாவது சந்திப்பில்தான் வெளியே வந்தது. (இக்கட்டுரையில் வரும் மூவரும் பலருடைய அனுபவங்களைக் கலந்து, அடையாளங்களை மாற்றி எழுதப்பட்டவர்கள்.)

வீட்டைவிட்டுப் போனவருக்கு வரும் ஏக்கத்தை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். 1688இல் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், அயலூரில் வாழ்ந்த சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு வந்த இந்த நோயை ஆராய்ந்து எழுதியபோதுதான் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லே பிறந்தது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவைப்பதே அதற்கு உறுதியான மருந்து என்று அவர் கருதினார். என்னிடம் வருபவர்களோ அந்த மருந்தை உட்கொண்ட பிறகு நோயில் விழுந்தவர்கள். தமிழில் 'ஊர் நினைப்பு' என்றால் எல்லாருக்கும் புரியும். ஊரில் இருந்துகொண்டே பெருநகரத்தை எண்ணி ஏங்குவதற்கு நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாத துயரத்தைச் சொல்லத் தெரியாமல், நெஞ்சு எரிகிறது, தலை வலிக்கிறது, பிடரி இறுகுகிறது என்று உடம்பின் மொழியில் சொல்கிறார்கள்.

சொல் இல்லாதது ஒருபுறம் இருக்க, அந்தத் துயரத்துக்கு அனுமதியும் இல்லை. ஒருவர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஆள் வருகிறது. பிறந்த மண்ணுக்கு, பெற்றவர்களிடத்துக்கு, வாடகையில்லாத வீட்டுக்கு வந்து சேர்ந்தவரிடம் யார் துக்கம் கேட்பார்கள்? சமூகம் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத இத்தகைய இழப்புகளைக் குறிக்க, அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் தொகுத்த நூலொன்றில் தனியே ஒரு பெயர் சூட்டினார். அதை 'ஏற்பு மறுக்கப்பட்ட துக்கம்' என்று தமிழில் சொல்லலாம். இதில் வலியோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் சென்னைக்காரர்கள் "இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது" என்று பெருமூச்சு விடும்போது, அதே சாரலில் நனைந்துகொண்டு சென்னையை நினைக்கும் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று இவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எதை இழந்தீர்கள் என்று நேராகக் கேட்டால் பலர் கடற்கரை, திரையரங்கு, வணிக வளாகம் என்று தொடங்குவார்கள். அது வெளியாருக்காகத் தயாரித்து வைத்த பதில் என்பதால், நான் ஒரு வேலை கொடுக்கிறேன். நகரத்தில் கழிந்த ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை, எழுந்தது முதல் படுத்தது வரை, ஒரு பக்கத்துக்கு எழுதி வரச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பண்டிகை நாளும் வேண்டாம்.

29 வயதுப் பெண் ஒருவர் எழுதி வந்த செவ்வாய்க்கிழமை எனக்கு மறக்கவில்லை. தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். தந்தைக்குப் பக்கவாதம் வந்ததால் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். திருவல்லிக்கேணியில் மூன்று பேர் தங்கும் விடுதி அறை, குளியலறைக்கு வரிசை, தண்ணீராகச் சாம்பார் என்றெல்லாம் எழுதியிருந்தவர், அதன்பின் பாதிப் பக்கத்தைப் பறக்கும் ரயிலுக்கே கொடுத்திருந்தார். பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, பெண்கள் பெட்டியின் சன்னலோரத்தில், தரமணி வரை கழியும் அந்த நேரம். அங்கே யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. "அந்த அரை மணி நேரம் நான் யாருக்கும் மகள் இல்லை, யாருக்கும் டீம் மெம்பரும் இல்லை" என்று எழுதியிருந்தார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அவருடைய தனி வளை நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு போன ரயில் பெட்டியில் இருந்தது. இப்போது நான்கு அறைகள் கொண்ட வீட்டில் கதவைச் சாத்தினால், "ஏன் சாத்தியிருக்க, உடம்புக்கு என்ன?" என்று ஆச்சி வந்து தட்டுகிறார்.

ரயிலைவிட்டு இறங்கியதும் குடிக்கும் இஞ்சித் தேநீரைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. கடைக்காரருக்கு அவர் பெயர் தெரியாது, சர்க்கரை குறைவு என்பது மட்டும் தெரியும். 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், வேலை தேடுவது போன்ற காரியங்களில் நெருங்கிய உறவுகளைவிட இத்தகைய மேலோட்டமான அறிமுகங்களே நமக்குப் புதிய செய்திகளைக் கொண்டுவருகின்றன என்று காட்டினார். மனத்துக்கும் அவை தேவை என்பது என் அனுபவம். முகம் தெரிந்த, ஆனால் எதையும் எதிர்பார்க்காத பத்துப் பேர் ஒரு நாளை லேசாக்கிவிடுகிறார்கள். சிற்றூரில் அறிமுகங்களுக்குக் குறைவில்லை, ஆனால் அத்தனையும் கனமானவை. இங்கும் தேநீர்க் கடை இருக்கிறது; கடைக்காரர் தந்தையின் பள்ளித் தோழர்; தேநீர் ஆறுவதற்குள் வரன் விசாரணை முடிந்துவிடும். கிராமத்திலேயே கணினி வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் அலுவலகம் பல ஆண்டுகளாக இயங்குகிறது, அது நல்லதுதான். ஆனால் வேலையைக் கொண்டுவரலாம், சன்னலோரத்து அரை மணி நேரத்தைக் கொண்டுவருவது எளிதன்று.

நினைவு நகரத்தைக் கழுவித் துடைத்து வைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை இழந்தவர்களும், 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களும் அந்த நகரத்துக்காகத்தான் ஏங்குகிறார்கள். ஓய்வுபெற்றவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "அந்தத் தண்ணி வரிசையிலதான் டாக்டர், எதிர்வீட்டுக்காரரோட பேசவே ஆரம்பிச்சேன்" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

மூன்றாமவருடைய செவ்வாய்க்கிழமை வேறு வகை. 41 வயது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பட்டறை மூடப்பட்டபோது குடும்பத்தோடு ஊர் திரும்பினார். வெல்டிங் பட்டறை போட்டார், வருமானமும் மோசமில்லை. ஆனால் இரவுதோறும் குடிக்கத் தொடங்கியிருந்தார். அவர் எழுதிக்கொண்டு வரவில்லை, சொன்னார். அம்பத்தூரில் இளைஞர்கள் 'மாஸ்டர்' என்றும், கடைக்காரர்கள் 'அண்ணே' என்றும் அழைத்தார்கள். ஊரில் காலனித் தெருவைச் சேர்ந்தவர் என்பதால், தன்னைவிட இருபது வயது இளையவன்கூட 'ஏல' என்றுதான் கூப்பிடுகிறான். சென்னையில் சாதி இல்லை என்று நான் எழுதமாட்டேன், வாடகைக்கு வீடு தேடியவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் அங்கே தெருவில் நடக்கும்போது தெருப்பெயர் கூடவே நடந்து வருவதில்லை. கணவரைப் பிரிந்து வாழும் பெண்களும் ஏறக்குறைய இதையே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். இவர்களிடம் "ஊருக்குத் தகுந்தபடி மாறிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் மனநல மருத்துவர், அவமானத்தைச் சகிக்கப் பயிற்சி கொடுக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

எல்லா ஏக்கமும் நோயாகிவிடாது. இடமாற்றம், வேலையிழப்பு போன்ற மாற்றத்துக்குப் பின் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் தொடங்கி, அன்றாட வேலைகளையே முடக்கும் அளவுக்கு வளரும் தவிப்பைத் தகவமைப்புக் கோளாறு என்கிறோம். பெரும்பாலும் ஆறு மாதங்களில் தணிந்துவிடும்; நெருக்கடி நீடித்தால் அதுவும் நீடிக்கும். மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி துக்கமாகவோ எதிலும் நாட்டமில்லாமலோ கழிவது, அதிகாலையில் விழிப்பு வந்து மறுபடி உறங்க முடியாமல் போவது, பசி குறைவது, தன்னைப் பயனற்றவராக எண்ணுவது ஆகியவை அதன் அடையாளங்கள். சென்னையைப் பற்றிப் பேசினாலாவது முகம் மலர்கிறதா என்று நான் கவனிப்பேன். அந்தப் பேச்சிலும் மலராத முகம் எனக்குக் கவலை தரும். சோர்வு என்று வருபவருக்கு தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடுவது முறை, ஏக்கத்தின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிடக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூடக் காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, "இங்க என்ன குறைச்சல்?" என்று கேட்காதீர்கள் என்பதுதான். அது கேள்விபோல ஒலிக்கும் தீர்ப்பு. அதற்குப் பதிலாக, அங்கே அவருடைய நாள் எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். பெரும்பாலான பெற்றோருக்கு மகளின் ஆறு ஆண்டுச் சென்னை வாழ்க்கை சம்பளத் தொகையாக மட்டுமே தெரியும். அந்தப் பெண்ணின் வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு செய்தோம். மாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை தந்தையின் பொறுப்பு தம்பிக்கு, அந்த நேரத்தில் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் அவர் வேறெங்கும் போகாமல் ரயில் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து, சென்னைக்குப் புறப்படும் பொதிகை வண்டியைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தார். பிறகு நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். முன்னாள் அறைத்தோழிகளின் வாட்ஸ்அப் குழுவை இரவு பதினொரு மணிக்குப் பார்ப்பதை மட்டும் விடச் சொன்னேன். நட்பை விடச் சொல்லவில்லை, ஞாயிறு பகலில் ஒருவரிடம் தொலைபேசியில் பேசச் சொன்னேன். முதல் ஓராண்டில், ஆத்திரத்தில் திரும்பிப் போவதையும், வைராக்கியத்தில் நகரத்துத் தொடர்பை அடியோடு அறுப்பதையும் நான் ஊக்குவிப்பதில்லை.

நகரத்துக்குப் போய்வருவது ஏக்கத்தைக் கிளறிவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. தேதி குறித்துப் போய், தேதி குறித்துத் திரும்பினால் பெரும்பாலும் நன்மையே நடக்கிறது. ஓய்வுபெற்றவர் இப்போது மார்கழியில் மூன்று வாரம் மயிலாப்பூரில் தங்கை வீட்டில் இருந்து கச்சேரி கேட்டுவிட்டுப் பொங்கலுக்கு வந்துவிடுகிறார். ஐப்பசியிலேயே யாராவது "எப்பப் போறீய அண்ணாச்சி?" என்றால் அவரிடம் சொல்ல ஒரு தேதி இருக்கிறது. வயிற்று மாத்திரையை இன்னும் விடவில்லை.

வெல்டிங் பட்டறைக்காரர் குடியை நிறுத்தி நான்கு மாதம் ஆனபோது, பட்டறையை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு வைகாசியில் மறுபடி அம்பத்தூருக்கே போய்விட்டார். போகும்முன் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கோப்பில் கடைசி வரியாக 'குணமடைந்தார்' என்று எழுதுவதா, 'தொடர்ந்து வரவில்லை' என்று எழுதுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.