கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன்

கார் நின்ற இடத்தில் கருப்பாக எண்ணெய்க் கறை. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "பின்பக்க கிராங்க் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார்கள். "இத்தனூண்டு ரப்பர் வளையத்துக்கா இவ்வளவு கூலி?" என்று கேட்டுக்கொண்டே என்னிடம் வருபவர்கள் நிறைய பேர். கூலி நியாயமானதுதான். கிராங்க் ஷாஃப்ட் என்ற என்ஜினின் முதன்மைத் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமல் பிடித்துவைக்கும் வளையம்தான் இந்த சீல். பெரும்பாலான வண்டிகளுக்கு அது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் அது இருப்பது என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பிளைவீல் என்ற கனமான சக்கரத்துக்குப் பின்னால். ஆக்ஸிலைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் பிளைவீலையும் எடுத்த பிறகுதான் அதைக் கண்ணால் பார்க்கவே முடியும். அதனால்தான் சொல்கிறேன், கசிவது அந்த சீல்தான் என்று உறுதியாகும்வரை சம்மதம் சொல்லாதீர்கள்.

ஆயில் சொட்டும் இடத்திலேயே கசிவும் இருக்கும் என்பதில்லை. என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் காய்ந்து கசிந்தாலும், ஆயில் பிரஷர் சுவிட்சில் லீக் இருந்தாலும், அந்த ஆயில் என்ஜின் பிளாக்கைப் பிடித்தபடியே இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது பின் சீல் மாதிரியே தெரியும். டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றுவது பல வண்டிகளில் மிகச் சின்ன வேலை. என்ஜினின் சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸ் தண்டின் (இன்புட் ஷாஃப்ட்) சீல் போனாலும் அதே இடத்தில்தான் சொட்டும். அப்போது விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தக வாடை தனியாகத் தெரியும்.

சோதிக்கும் முறை எளிது. என்ஜினின் வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, காய வைத்து, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வர வேண்டும். அப்புறம் டார்ச் அடித்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தால், பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. இதற்குப் பொறுமையில்லாமல் கியர்பாக்ஸை இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அந்தச் செலவு யாரோ ஒருவரின் மாதச் சம்பளத்திலிருந்து போகிறது.

சரி, பின் சீல்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, ஏன் போனது? வயதானால் ரப்பர் சூட்டில் விறைத்துப்போகும். ஷாஃப்டைத் தொடும் அதன் விளிம்பை, அதாவது லிப்பை, சுற்றியுள்ள சின்ன ஸ்பிரிங் அழுத்தினாலும் ஷாஃப்டோடு ஒட்டாது. இது இயல்பான தேய்மானம். ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது பிரீதரைப் பற்றி. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அதை வெளியேற்றி மறுபடி காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அனுப்புவது பிசிவி வால்வும் பிரீதர் குழாயும். அதில் கசடு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், அது ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். அடைப்பை எடுக்காமல் புது சீல் போட்டால், அதுவும் சீக்கிரமே கசியத் தொடங்கும். ஓடும்போது ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்புவதும், ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாக வருவதும் இதற்கு அறிகுறி. பிரீதர் சுத்தமாக இருந்தும் அப்படி வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், அது வேறு பெரிய வேலை. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும் நல்லதல்ல.

முன்பக்க கிராங்க் சீல், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் சீல் இரண்டும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மாருதி 800, ஆம்னி போன்ற, கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் அங்கே கசிவைத் தள்ளிப்போடவே கூடாது. ஆயில் பட்ட பெல்ட் ஊறிக் கெட்டுப்போகும். பெல்ட் மாற்றும்போதே இந்த சீல்களையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

மாட்டும் வேலையில் கவனிக்க வேண்டியது ஷாஃப்டை. பழைய சீலை ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், புது சீலும் கசியும். பல வருடம் ஓடிய ஷாஃப்டில் லிப் உரசிய இடத்தில் மெல்லிய பள்ளம் இருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். இடம் இருந்தால் புது சீலைக் கொஞ்சம் முன்பின்னாக உட்கார வைக்கலாம், இல்லையென்றால் பள்ளத்தின் மேல் மெல்லிய உலோக உறை (ஸ்லீவ்) மாட்டலாம். சாதாரண ரப்பர் சீலின் லிப்பில் ஆயில் தடவித்தான் மாட்ட வேண்டும். இப்போதைய பல வண்டிகளில் வரும் டெஃப்லான் வகை சீலுக்கு நேர்மாறு, உலர்வாகவே மாட்ட வேண்டும். பழக்கத்தில் அதற்கும் ஆயில் தடவிவிடுகிறார்கள். எந்த வகையானாலும் சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டாமல், சுற்றிலும் சமமாக அழுத்தி நேராக இறக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். ஆயில் நனைந்த பிளேட் வழுக்கும், கழுவி மறுபடி மாட்டுவது வீண். இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று தேய்ந்ததையே மாட்டினால், இதே கூலியை மறுபடி கொடுக்க நேரும்.

கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் திரவங்கள் காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் ஊற வைத்து மென்மையாக்கும். லேசான ஈரக்கசிவுக்குச் சில மாதம் தாங்கலாம். கிழிந்த சீலையோ பள்ளம் விழுந்த ஷாஃப்டையோ அவை சரிசெய்யாது. லேசான ஈரம் மட்டும்தான் என்றால் அவசரமில்லை, வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். அளவு கண்ணுக்குத் தெரிந்து இறங்கினாலோ, சூடான சைலன்சர் குழாயில் சொட்டினாலோ தாமதிக்காதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

வேலை முடிந்ததும் பழைய சீலைக் கேட்டு வாங்கி, லிப்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தால் சரி. இன்னும் மென்மையாகவே இருந்து, கிழிசலும் இல்லை என்றால், பிரீதரைப் பார்த்தார்களா, ஷாஃப்டில் பள்ளம் இருந்ததா என்று அங்கேயே கேளுங்கள்.