காது மடலை அனுப்பிவிட்டுக் கல்லீரலைப் பற்றிக் கேட்காதீர்கள்

எங்கள் ஆய்வகத்துக்கு மறுபடியும் அதே பார்சல். பன்றிகளின் காது மடல் துணுக்குகள், குழாய்க்கு ஒன்றாக, அழகாக எண் போட்டு வந்திருக்கின்றன. கூடவே ஒரு கோரிக்கை: இவற்றின் கல்லீரலில் கொழுப்பு சம்பந்தப்பட்ட மரபணுக்கள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது.

"எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதானே, எங்கிருந்து எடுத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேள்வியின் முதல் பாதி சரி. பன்றியின் 38 குரோமோசோம்களும் காதிலும் உண்டு, கல்லீரலிலும் உண்டு. தாய் தகப்பன் யார், இன்ன மரபணுவில் இன்ன மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கக் காது மடல் தாராளமாகப் போதும். பதற்றத்தில் பன்றி சுருண்டு விழக் காரணமான ஆர்ஒய்ஆர்1 மரபணு மாற்றத்தை முடியின் வேரிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மரபணு வெளிப்பாடு என்பது வேறு கேள்வி. அந்த மரபணு இந்தத் திசுவில், இந்த நேரத்தில் ஆர்என்ஏவாக, அதாவது செல் பயன்படுத்தும் வேலைப் பிரதியாக, படியெடுக்கப்படுகிறதா, எவ்வளவு? காதுத் தோலில் இன்சுலின் மரபணு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. அங்கே எவ்வளவு தேடினாலும் இன்சுலின் கிடைக்காது. அது கணையத்தின் பீட்டா செல்களில் நடக்கும் வேலை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? வளர்ச்சிக்கு உதவும் ஐஜிஎஃப்2 மரபணுவைப் பாருங்கள். அதில் ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருந்தால் பன்றிக்குத் தசை கூடும், கொழுப்பு குறையும் என்று 2003இல் கண்டுபிடித்தார்கள். மாற்றம் இருப்பது புரதத்துக்குக் குறியீடு தராத பகுதியில், அதனால் புரதம் துளியும் மாறுவதில்லை. மாறுவது அளவு. பிறந்த பிறகு, தசையில் மட்டும், இதன் ஆர்என்ஏ ஏறக்குறைய 3 மடங்கு ஆகிறது. அதே பன்றியின் கல்லீரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. கருவில் இருக்கும்போது தசையிலும் இல்லை. அதுவும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியில் மாற்றம் இருந்தால்தான். காது மடலை வைத்து எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்வேன். எங்கே, எப்போது, எவ்வளவு என்பதைத் தசையை எடுத்துப் பார்த்தவர்கள்தான் சொன்னார்கள்.

சரி, ரத்தம் அனுப்பட்டுமா என்பது அடுத்த கேள்வி. ரத்தம் எல்லா உறுப்புக்கும் போய்வருகிறதாம்! போய்வரட்டும், அதற்காகக் கல்லீரல் செல்லை அள்ளிக்கொண்டா வருகிறது? ரத்தத்தில் கிடைக்கும் ஆர்என்ஏவில் பெரும்பகுதி ரத்த செல்களுடையது. நோய் எதிர்ப்பைப் பற்றிய கேள்வி என்றால் அருமையான சாம்பிள். கல்லீரலுக்கு உதவாது.

எந்தத் திசுவில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று மனிதனுக்கு வரைபடம் இருக்கிறதே, அதையே பன்றிக்கும் பொருத்திவிடலாம் என்பவர்களும் உண்டு. பல மரபணுக்களுக்குப் பொருந்தும். ஆனால் உடல் சூட்டுக்கு உதவும் யுசிபி1 மரபணு பன்றியில் எப்போதோ பழுதாகிவிட்டது. பிறந்த குட்டிகள் குளிரில் நடுங்கியே சூடேற்றிக்கொள்ள வேண்டியிருப்பதற்கு அது ஒரு காரணம். பன்றிக்குப் பன்றியின் வரைபடம்தான் வேண்டும். அது இருக்கிறது. 2012இல் பன்றி மரபணுத் தொகுதி வெளியான அதே ஆண்டில், 62 வகைத் திசுக்களையும் செல்களையும் கொண்ட வெளிப்பாட்டு அட்லஸும் வந்தது. 2024இல் வெளியான பிக்ஜிடெக்ஸ் என்ற பன்றித் தரவுத் தொகுப்பு 5,457 ஆர்என்ஏ சாம்பிள்களை அலசியிருக்கிறது. விலங்கை அறுக்கும் முன் தயவுசெய்து அவற்றில் தேடுங்கள். உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கலாம்.

தேடியும் கிடைக்கவில்லை, புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் கணையத்திலிருந்து தொடங்குங்கள். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி அங்கேதான் மண்டிக் கிடக்கிறது. மற்ற உறுப்புகளை முடித்துவிட்டு வருவதற்குள் கணையம் கூழாகிவிடும். கணையத்தை வெட்டிய கத்தியால் அடுத்த உறுப்பைத் தொடாதீர்கள். எதையும் எடுத்த சில நிமிடங்களுக்குள் உறைய வையுங்கள். திரவ நைட்ரஜன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆர்என்ஏ காப்புத் திரவம், துண்டின் கனம் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், துண்டைப் போல் ஐந்து மடங்கு திரவத்தில். முழுக் கைப்பிடிக் கல்லீரலை அதில் போட்டால் நடுப்பகுதிக்குத் திரவம் போய்ச் சேராது. ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்க வைப்பது உறைய வைப்பது ஆகாது. ஃபார்மலின் வேண்டவே வேண்டாம்.

"சிறுநீரகம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். வெளிப்புறப் புறணியா, உள்பகுதியா? "தசை" என்றால் எந்தத் தசை? முதுகின் நீள்தசையும் காலின் சோலியஸும் நாரமைப்பிலேயே வேறு. கல்லீரலுக்குப் பல மடல்கள் உண்டு, எல்லாப் பன்றிக்கும் ஒரே மடலிலிருந்து எடுங்கள். இனம், ஆணா பெண்ணா, வயது, கடைசியாக எப்போது தின்றது, உயிர் போய் எத்தனை நிமிடத்தில் உறைந்தது, இவ்வளவும் குறிப்பில் வேண்டும். சாதாரண மார்க்கரால் எழுதினால் ஆல்கஹால் பட்டதும் அழிந்துபோகும். பெயரில்லாத குழாய்களை வைத்துக்கொண்டு எது மண்ணீரல், எது நுரையீரல் என்று ஊகிக்கச் சொல்கிறார்கள், பாவம் என் உதவியாளர்கள்.

ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. வழிகாட்டி அவசரப்படுத்துவார், பணமும் குறைவு, தெரியும். ஆனால் ஒரே பன்றியின் கல்லீரலிலிருந்து மூன்று துண்டு எடுத்தால் அது மூன்று பன்றி ஆகாது. எத்தனை பன்றி வேண்டும் என்று அறுக்கும் தேதியைக் குறிப்பதற்கு முன்பே கேளுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன், அதற்குக் கட்டணம் இல்லை.