சான்றிதழில் இருக்கும் சதவீதமும் சட்டம் கேட்கும் சதவீதமும்

வேலையில் அடிபட்டு இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் பலரிடம் ஓர் ஊனச் சான்றிதழ் இருக்கும். "டாக்டர் முப்பது பர்சன்ட்தான் போட்டிருக்கார் சார்" என்பார்கள், ஏதோ தீர்ப்பே வந்துவிட்டது போல. இன்சூரன்ஸ் தரப்பும் அதே முப்பதைப் பிடித்துக்கொண்டுதான் கணக்குப் போடும். ஆனால் சட்டம் கேட்பது அந்த முப்பதை அல்ல.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உங்கள் காயம் இருந்தால் சதவீதமும் அங்கேயே இருக்கும். கட்டைவிரல் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. எலும்பு முறிவு, முதுகுத்தண்டு அடி போன்றவை அதில் இல்லை. அவற்றுக்கு 4-ஆம் பிரிவுப்படி, சம்பாதிக்கும் திறன் நிரந்தரமாக எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவர் மதிப்பிட வேண்டும். கால் எவ்வளவு மடங்குகிறது என்பது ஒரு கணக்கு. அந்தக் காலை வைத்துப் பழைய வேலையைச் செய்து பிழைக்க முடியுமா என்பது வேறு கணக்கு. அரசு உதவிகளுக்காக வாங்கும் மாற்றுத்திறனாளி அட்டையின் சதவீதமும் முதல் கணக்கைச் சேர்ந்ததுதான்.

நான் நடத்திய ஒரு வழக்கு. சென்டரிங் வேலை பார்த்தவர், வயது 40. சாரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கி, கோணலாகச் சேர்ந்துவிட்டது. சான்று 30 சதவீதம். டாக்டரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தோம். ஏணியில் ஏற முடியுமா? "சிரமம்." குத்தவைத்து உட்கார முடியுமா? "முடியாது." சாரத்தில் நின்று பலகை அடிக்கலாமா? "கூடாது." சரி, அப்படியென்றால் சென்டரிங் வேலையில் இவருக்கு மிச்சம் என்ன? டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த வேலை இனி முடியாது என்றே சொன்னார். இழப்பீட்டை முடிவு செய்யும் தொழிலாளர் துணை ஆணையர் 60 சதவீதம் எடுத்துக்கொண்டார்.

பணமாகப் பாருங்கள். 2020 முதல் இந்தக் கணக்குக்கு மாதச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதத்தைத்தான் சட்டம் கணக்கில் எடுக்கும் (இது எல்லோருக்கும் பொது, ஊனச் சதவீதம் அல்ல): 9,000. வயதுக்கேற்பச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கெண்ணைக் காரணி என்பார்கள், நாற்பது வயதுக்கு அது 184.17. பெருக்கினால் 16,57,530. அதில் முப்பது சதவீதம் 4,97,259 ரூபாய், அறுபது என்றால் 9,94,518.

இது புதுச் சங்கதியும் இல்லை. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சர் வழக்கில் 1975-லேயே உச்ச நீதிமன்றம், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் இன்றுவரை ஒவ்வொரு வழக்கிலும் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆதாரம் முழுவதையும் தொழிலாளர் துணை ஆணையர் முன்னாலேயே வைத்துவிடுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு உண்டு, கெடு 60 நாள். ஆனால் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அங்கே எடுபடும். சதவீதம் போன்ற உண்மை விவரங்களில் ஆணையர் சொல்வதே கடைசி என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கீழே விட்டதை மேலே போய்ப் பிடிப்பது கஷ்டம். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லோரும் கொண்டுவருவார்கள். என்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு எடை தூக்கினீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று சொல்ல உடன் வேலை செய்த ஒருவரைச் சாட்சியாக அழைத்து வருகிறவர்கள்தான் குறைவு. அவர் சாட்சியம் பல வழக்குகளில் எக்ஸ்ரேயைவிட உதவும். எதிர்த்தரப்பு மருத்துவர் குறைத்துப் போட்டிருந்தால் அவரையும் குறுக்கு விசாரணை செய்யலாம், மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படியும் கேட்கலாம். "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று மேஸ்திரி கையெழுத்து வாங்கிய தாளுக்காகப் பயப்பட வேண்டாம். 17-ஆம் பிரிவுப்படி அது செல்லாது.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. மேலே சொன்ன பிரிவு எண்கள் பழைய சட்டத்தினுடையவை, புதியதில் அவை மாறும். சம்பாதிக்கும் திறன் என்ற அடிப்படை அதிலும் அப்படியேதான் இருக்கிறது.

சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு வழியே வேறு. அவர்கள் துணை ஆணையரிடம் வர முடியாது, சதவீதத்தை இஎஸ்ஐ மருத்துவ வாரியம் முடிவு செய்யும். அது குறைவு என்று பட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நேரடியாகத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். வாரியத்தின் முடிவுக் கடிதம் வந்ததும் உறையோடு எடுத்து வையுங்கள். மேல்முறையீட்டுக்கான நாள் கணக்குக்கு அந்த அஞ்சல் முத்திரை வேண்டியிருக்கும்.